பேரூராட்சி ஆபீஸ்ல வீட்டு வரி பேர் மாத்தப் போன கதை: அஞ்சுக்கு மூணு ஸ்டார்

எங்க ஊர் பேரூராட்சி ஆபீஸ்க்கு, அப்பா பேர்ல இருந்த வீட்டு வரிய என் பேருக்கு மாத்தப் போனேன். பத்திர நகல், வில்லங்கம், கடைசியா கட்டுன வரி ரசீது எல்லாம் வச்சாச்சுன்னு தெம்பா போனா, குடிதண்ணி பாக்கி இருக்கு அத கட்டிட்டு வாங்கன்னாங்க, சரி நம்ம தப்பு. கட்டிட்டு மறுநாள் போனா கம்ப்யூட்டர் அக்கா லீவு, அதுக்கு அடுத்த நாள் சர்வர் டவுன், நாலாவது நாள் செயல் அலுவலர் மீட்டிங்க்கு போயிட்டாரு. கவுண்டர்ல பேனாவ சணல்ல கட்டி வச்சிருக்காங்க, ஆனா அதுல மை இல்ல!

நல்லதையும் சொல்லணும்ல. பில் கலெக்டர் அண்ணன் தங்கமான மனுசன், அவர்தான் அரையாண்டு தொடங்குன முப்பது நாளுக்குள்ள, அதாவது ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் சொத்து வரி கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடி உண்டு தம்பின்னு சொன்னாரு, இத்தன வருசமா இது தெரியாம மார்ச் கடைசில போய் வரிசைல நின்னுட்டு இருந்திருக்கேன். ஆன்லைன்லயும் கட்டலாம், ரசீது உடனே வந்துருது. எவனும் காசு கேக்கல, அதுக்கே ஒரு ஸ்டார் சேத்து போட்டேன்.

பொறப்பு சர்டிபிகேட்டுக்கு வர்றவங்க 21 நாளுக்குள்ள பதிஞ்சிருங்க, லேட்டானா கட்டணம், அலைச்சல் ரெண்டும் இருக்கு. திங்கக்கிழமை காலைல மட்டும் போயிராதீங்க, உக்கார பெஞ்ச் ஒண்ணுதான், அதுலயும் ஒரு கால் ஆடுது.