லிஜ்ஜத் பாப்பட்: இடுகிறவர்களே நடத்தும் அப்பளம்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு லிஜ்ஜத் பாப்பட் புதிய பண்டம் அன்று. மாட்டுங்காவின் மளிகைக் கடைகளில் நம் ஊர் அப்பளக் கட்டுகளுக்குப் பக்கத்திலேயே அதையும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனாலும் நம்மவர்களில் பலர் அதை நம் அப்பளத்துக்கு மாற்றாக நினைத்து வாங்கி, எண்ணெயில் பொரித்து, அது உப்பவில்லை என்று குறைப்பட்டு, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அது தன் இயல்பில் வேறொரு பண்டம்; அதற்குரிய முறையில் சமைத்தே அதன் தரத்தை எடைபோட வேண்டும். உளுந்தும் மிளகும் சேர்ந்த ரகத்தை முதன்மையாக எடுத்துக்கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அப்பளத்தைப் பற்றிப் பேசும்போது, அதை இட்டு, அந்த நிறுவனத்தையும் தாங்களே நடத்தும் பெண்களைப் பற்றியும் பேசப் போகிறேன். அவர்களுடைய நிர்வாக முறையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சுவை எப்படி இத்தனை காலம் மாறாமல் நிற்கிறது என்பதைச் சொல்ல முடியாது.

முதலில் சுவை. நம் அப்பளத்தில் உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், சிறிது எண்ணெய் ஆகியவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது. பொரித்தால் உப்பி, நொறுங்கி, குழம்புச் சாதத்துக்குத் துணை நிற்பதே அதன் வேலை. லிஜ்ஜத் மிளகு ரகத்தில் ஒன்றிரண்டாக உடைத்த மிளகு அப்பளம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி பரவியிருக்கும். பெருங்காயத்தின் மணம் உறையைப் பிரித்தவுடனேயே வந்துவிடும். இதைப் பொரிப்பதைவிடச் சுடுவதே சிறந்தது. அடுப்பின் நெருப்பை மிதமாக வைத்து, இடுக்கியால் ஓர் ஓரத்தைப் பிடித்து, எதிர் ஓரத்தை முதலில் காட்டி, ஓரிடத்தில் நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள் சாயல் மாறி வெளுத்து, சிறு சிறு கொப்புளங்கள் எழும்பியதும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு நொடி தாமதித்தாலும் மிளகு கருகிக் கசந்துவிடும். சரியாகச் சுட்ட அப்பளம் கடித்தவுடன் உளுந்தின் இனிப்பையும், பிறகு மிளகின் காரத்தையும், கடைசியில் நாக்கின் அடியில் தங்கும் பெருங்காயத்தையும் தனித்தனியாகத் தரும். எண்ணெயில் போட்டால் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து, காரம் மட்டுமே மிஞ்சுகிறது.

இந்தச் சுவை ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. 1959 மார்ச் 15 அன்று, மும்பை கிர்காவ் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில், ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அமர்ந்து அப்பளம் இட்டார்கள். ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போப்பட் அவர்களுள் ஒருவர். கையில் முதல் கிடையாது. சமூகத் தொண்டரான சகன்லால் கரம்சி பரேக்கிடமிருந்து 80 ரூபாய் கடன் வாங்கித்தான் உளுந்து மாவும் மசாலாப் பொருள்களும் வாங்கினார்கள். முதல் நாள் உழைப்பில் கிடைத்தவை நான்கு பொட்டலங்கள். முதலாண்டு விற்பனை 6,196 ரூபாய். மழைக்காலம் வந்தபோது அப்பளம் காயாததால் அவ்வாண்டு நான்கு மாதம் வேலையையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அடுத்த மழைக்காலத்துக்கு அவர்கள் கண்ட வழியை நான் இன்றும் வியக்கிறேன்: ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கி, கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கட்டிலுக்கு அடியில் அடுப்பை மூட்டி உலர்த்தினார்கள். வீட்டில் ஈரத் துணியை எப்படியாவது காய வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இந்த யோசனை தோன்றும்.

அந்த ஏழு பேரிடம் பெரிய படிப்போ வணிகப் பயிற்சியோ இருக்கவில்லை. அப்பளம் இடத் தெரியும். வீட்டுக் கணக்கை நடத்தத் தெரியும். காலையில் பிள்ளைகளை அனுப்பிய பிறகு மாலைவரை கிடைக்கும் நேரத்தைப் பகுத்துக்கொள்ளத் தெரியும். தொழிலுக்காகத் தங்களை வேறு ஆள்களாக மாற்றிக்கொள்ளாமல், தங்களுக்குத் தெரிந்த இந்த வாழ்க்கையைச் சுற்றியே தொழிலை அமைத்தார்கள். விலை குறைந்த இரண்டாம் தரம் ஒன்றையும் சேர்த்து விற்கும் எண்ணம் தொடக்கத்தில் எழுந்தபோது, ஒரே தரத்தில் உறுதியாக நிற்கும்படியும் கணக்கைச் சரியாக எழுதும்படியும் பரேக் அறிவுறுத்தினார். அவர் வழிகாட்டினார், நிர்வாகம் பெண்களின் கையிலேயே இருந்தது. நன்கொடை வாங்குவதில்லை என்று அன்று அவர்கள் எடுத்த முடிவு நிறுவனத்தின் கொள்கையாகவே நிலைத்துவிட்டது. 1966இல் சங்கமாகப் பதிவு பெற்று, அதே ஆண்டில் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரத்தையும் பெற்றார்கள். 1968இல் குஜராத்தின் வாலோடில் தொடங்கிய கிளைதான் மகாராஷ்டிரத்துக்கு வெளியே முதலாவது. இன்று ஏறத்தாழ 45,000 பெண்கள் இதன் உறுப்பினர்கள்.

இத்தனை ஆயிரம் வீடுகளில் இடப்படும் அப்பளம் எப்படி ஒரே சுவையில் இருக்கிறது என்பதுதான் எனக்கு நெடுநாளாக இருந்த கேள்வி. விடையின் ஒரு பாதி கொள்முதலில் இருக்கிறது. உளுந்து, மிளகு, பெருங்காயம் போன்றவற்றை ஒவ்வொரு கிளையும் தன் போக்கில் வாங்குவதில்லை. மையமாக வாங்கிப் பிரித்து அனுப்புகிறார்கள். மாவும் வீட்டில் பிசையப்படுவதில்லை. விடியற்காலையில் கிளையிலேயே ஒரு குழுவினர் அளந்து பிசைகிறார்கள். காலையில் வரும் உறுப்பினர்கள் முந்தைய நாள் இட்டுக் காயவைத்த அப்பளங்களை ஒப்படைக்கிறார்கள். கிளையில் அவற்றைச் சரிபார்த்து, எடைபோட்டு, கூலியைக் கொடுக்கிறார்கள். பிறகு உறுப்பினர்கள் அன்றைய மாவை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். மும்பையில் இவர்களை ஏற்றி இறக்கச் சிறு பேருந்துகளும் உண்டு.

விடையின் மறு பாதியை எங்கள் குடியிருப்பில் கண்டேன். கீழ்த்தளத்தில் வசிக்கும் ஒரு மராத்திப் பெண்மணி பல ஆண்டுகளாக இதன் உறுப்பினர். அவருடைய ஒற்றை அறை வீட்டில், சுவரோரம் ஒரு பெரிய மூங்கில் கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதன் வளைந்த முதுகுதான் அப்பளம் காயும் இடம். மாவைக் கயிறுபோல் நீட்டித் திரித்து, நூலால் அறுத்துச் சம அளவுத் துண்டுகளாக்கி, உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, பலகையில் வைத்துக் குழவியை உருட்டத் தொடங்கினால், பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு மாவு தானாகவே வட்டமாக விரிவதாகத் தோன்றும். நடுப்பகுதி மெலிந்து ஓரம் தடித்துவிட்டால் சுடும்போது நடு கருகி ஓரம் வேகாமல் நிற்கும் என்பதால், ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துவிட்டே கூடையின்மேல் போடுகிறார். கிழிந்ததை யாரும் சொல்லாமலேயே தனியே வைத்துவிடுகிறார். இதற்கு முதலாளி யார் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. நாங்கள் எல்லாரும்தான், வேறு யார் இருக்க முடியும் என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்து உருட்டத் தொடங்கினார்.

அது வெறும் பேச்சன்று. இந்நிறுவனத்தில் பெண்கள் மட்டுமே உறுப்பினராக முடியும். ஓட்டுநர், கணக்கர் போன்ற வேலைகளில் ஆண்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள், உறுப்பினர்கள் அல்லர். சாதி, மதம், மொழி எதுவும் உறுப்பினராவதற்குத் தடையில்லை. லாபமும் நட்டமும் உறுப்பினர்களையே சேரும். ஒவ்வொரு கிளைக்கும் பொறுப்பாளராக ஒரு சஞ்சாலிகா இருக்கிறார். மையத்தில் 21 பேர் கொண்ட நிர்வாகக் குழு இருக்கிறது. இந்தப் பொறுப்புகளுக்கு வெளியிலிருந்து மேலாண்மைப் பட்டதாரிகளைக் கொண்டுவருவதில்லை. அப்பளம் இட்டவர்களிலிருந்தே ஒருவர் வருகிறார். தலைவராக இருந்த ஜோதி நாயக் அப்படி வந்தவரே. மாவின் பதம் கையில் பட்டவுடனே தெரிந்துவிடும் ஒருவர் தரத்தைப் பற்றிப் பேசும்போது, கேட்பவர்கள் அதை மேலிடத்து உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை இருக்காது. நான் உண்ணும் அப்பளம் ஒவ்வொரு முறையும் அதே மெலிவிலும் அதே வட்டத்திலும் இருப்பதற்கு இந்த உறவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

பணியிடங்களில் தலைமைக்கு உயரும் பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். குரலை உயர்த்து, வீட்டுப் பேச்சை அலுவலகத்துக்குக் கொண்டுவராதே, மென்மையாகத் தெரியாதே என்று அவை பெரும்பாலும் ஒரு பெண்ணை அவளுடைய இயல்பிலிருந்து விலக்கி, ஏற்கெனவே அந்த நாற்காலியில் இருந்த ஆணின் சாயலுக்கு இழுத்துச் செல்வதாகவே இருக்கின்றன. லிஜ்ஜத்தின் பெண்கள் அந்தச் சாயலைத் தேடிப் போகவில்லை. ஒருவரையொருவர் சகோதரி என்றே அழைத்துக்கொண்டு, புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுக்களையில் கற்ற அளவையும் சிக்கனத்தையும் நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2002இல் ஒரு பெரிய வணிக நாளிதழ் இவர்களுக்குத் தொழில்துறைச் சிறப்பு விருது அளித்ததும், 2021இல் ஜஸ்வந்திபென்னுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் காலம் கடந்து வந்த மரியாதைகளே. தூர்தர்ஷன் காலத்து விளம்பரத்தில் வந்த முயல் பொம்மையை நம் தலைமுறையில் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த ஏழு பெண்களில் ஒருவருடைய பெயரையாவது சொல்லச் சொன்னால் திகைத்து நிற்கிறோம். எனக்கு இது உண்மையான வருத்தம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உப்பு சற்றுத் தூக்கலாகவே இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாள்தோறும் உண்ண ஏற்றதன்று. மிளகு ரகம் சிறு குழந்தைகளுக்குக் கடுமையாக இருக்கும். சுட்ட அப்பளம் மும்பை, சென்னை போன்ற ஈரக் காற்றுள்ள ஊர்களில் சீக்கிரமே நமத்துவிடுவதால், முன்கூட்டியே சுட்டு வைத்துப் பந்தியில் பரிமாறுவதற்கு இது ஒத்துவராது. அதற்கு நம் அப்பளமே மேல்.

வேலை முறையைப் பற்றியும் எனக்குக் கேள்விகள் உண்டு. இட்ட அளவுக்குத்தான் கூலி என்பதால், உடம்புக்கு முடியாத நாளில் வருமானம் குறைகிறது. நாள் முழுவதும் குனிந்து குழவியை உருட்டும் தோளும் மணிக்கட்டும் படும் பாட்டை அந்தக் கீழ்த்தளத்து வீட்டில் நான் பார்த்திருக்கிறேன். பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வேலை கொடுப்பது அவளுக்கு விடுதலை ஆகுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் காலையில் கிளைக்குச் சென்று, பிற பெண்களோடு வரிசையில் நின்று, தன் கணக்கைத் தானே சரிபார்த்து, தன் கையில் கூலி வாங்கிக்கொண்டு திரும்பும் அந்த ஒரு மணி நேரம் வீட்டுக்குள் கிடைப்பதன்று. அந்தக் கீழ்த்தளத்துப் பெண்மணி தன் மகளின் கல்லூரிக் கட்டணத்தை யாரிடமும் கேட்காமல் கட்டினார் என்பதையும் நான் அறிவேன். குழவி உருட்டும் கைகளுக்கு மருத்துவ உதவியும் ஓய்வும் இன்னும் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

வாங்க நினைப்பவர்கள் மிளகு ரகத்தில் தொடங்குவது நல்லது. தயிர்ச் சாதம், பருப்புச் சாதம், மோர்க்குழம்பு ஆகியவற்றோடு அது மிகப் பொருத்தமாக இருக்கிறது. மிளகு ரசத்தோடு வேண்டாம், இரண்டு மிளகும் ஒன்றையொன்று மறைத்துவிடும். காரம் குறைவாக வேண்டுமென்றால் பயறு ரகம் இருக்கிறது; அது இன்னும் மெலிதாக இருப்பதால் நெருப்பைக் குறைத்து வைத்துச் சுட வேண்டும். பூண்டு ரகத்தின் மணம் மிகவும் அழுத்தமானது. பூண்டு பிடித்தவர்கள் விரும்புவார்கள், நான் இரண்டாம் முறை வாங்கவில்லை. சுட்ட அப்பளத்தின்மேல் பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, கொத்துமல்லி தூவி, எலுமிச்சை பிழிந்து மாலையில் கொடுத்தால் பிள்ளைகள் விரும்பி உண்பார்கள். தனியாக உப்புப் போட வேண்டாம். உறையைப் பிரித்த பிறகு காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் படுக்கை வசமாக அடுக்கி வையுங்கள். நிறுத்தி வைத்தால் ஓரங்கள் வளைந்து உடைந்துவிடும். மழைக்காலத்தில் சிறு பொட்டலமாக வாங்கி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம்.