வெளியே வைக்கும் நீர்க்குளிர்விப்புக் கூடு: அக்ரிலிக்கா, பிளைவுட்டா, அலுமினிய புரொஃபைலா?

பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து 500 வாட் வெப்பத்தைக் கக்கும் கணினியில், அத்தனையையும் கேபினெட்டுக்குள்ளேயே சமாளிக்கும் ஆசையை நான் விட்டுவிட்டேன். சுற்றிவரும் நீரின் வெப்பத்தைக் காற்றில் விடும் ரேடியேட்டர், மூன்று விசிறி அளவில் ஒன்றை உள்ளே திணித்தாலே மதர்போர்டுக்குள் கைவிட இடம் இருப்பதில்லை. 140 மில்லிமீட்டர் விசிறிகள் ஒன்பது பொருந்தும் பெரிய ரேடியேட்டரை வெளியே வைத்தால், அவை மெதுவாகச் சுழன்றாலே போதும். உள்ளேயா வெளியேயா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ரேடியேட்டர், பம்ப், நீர்த்தொட்டி மூன்றையும் சுமக்கும் கூட்டை எதில் செய்வது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கடைசியில் 20-க்கு 20 மில்லிமீட்டர் அலுமினிய புரொஃபைலில், அதாவது பக்கங்களில் நீளப் பள்ளம் ஓடும் அலுமினியச் சட்டங்களில், செய்தேன். அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

குளிர்ச்சியைப் பொறுத்தவரை மூன்றுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. வெப்பத்தை வெளியேற்றுவது ரேடியேட்டர், கூடு அல்ல. காற்று ஓர இடுக்குகளில் நழுவிவிடாமல் ரேடியேட்டரின் மெல்லிய உலோகத் துடுப்புகளின் வழியாகவே போகும்படி நுரைப்பட்டை ஒட்டினால் போதும். எதில் செய்தாலும் நீரின் வெப்பநிலை அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது.

அக்ரிலிக் அழகானது. லேசரில் வெட்டி வாங்கிவிடலாம், தொட்டியின் நீர்மட்டமும் வெளியிலிருந்தே தெரியும். ஆனால் திருகுத் துளையைச் சுற்றி அழுத்தம் சேர்ந்தால் விரிசல் விடும். துளையைச் சற்றுப் பெரிதாக வைத்து, ரப்பர் வாஷர் போட்டு, அளவாக முறுக்க வேண்டும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் நுண்விரிசல்கள் ஓடிப் பளபளப்பே போய்விடும். நீர் நிறைந்த பெரிய ரேடியேட்டரின் பாரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் அக்ரிலிக் கூடு எதுவும் என்னிடம் இருந்ததில்லை. ஆகவே அதன் ஆயுளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

பிளைவுட் அதிர்வை நன்றாக விழுங்கும், வீட்டுக் கருவிகளே போதும். நீர்தான் அதற்குப் பகை. இணைப்பில் சொட்டும் நீர் வெட்டு ஓரத்தில் ஊறினால் அடுக்குகள் பிரியும். மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை என்றால் உப்பியே போகும். நான் பிளைவுட்டில் செய்தது அளவு பார்க்க ஒரு மாதிரிக் கூடு மட்டுமே, அதில் நீர் ஓடியதில்லை. நன்றாக வார்னிஷ் அடித்தவர்களின் அனுபவம் வேறாக இருக்கக்கூடும். தகரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. வளைக்கும் இயந்திரம் இல்லாமல் அதில் நேர்த்தி வராது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. நீர்க்குளிர்விப்பைக் கட்டுவது ஒரு முறை. தூசு தட்டுவதும் நீர் மாற்றுவதும் திரும்பத் திரும்ப வருபவை. நீர்ச்சுற்றைப் பிரிக்காமல் கூட்டை மட்டும் பிரிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு மற்றவற்றைவிட புரொஃபைல்தான் சுலபமான பதில் தருகிறது. சட்டத்தின் பள்ளத்தில் நட்டு நகரும். ஒரு பக்கத் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினால் அது மட்டும் கழன்று வரும். ரேடியேட்டரும் பம்ப்பும் தனித்தனிக் குறுக்குச் சட்டங்களில் நிற்பதால் அசைவதே இல்லை. அக்ரிலிக் பெட்டியில் பலகைகளே ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒன்றைக் கழற்றினால் மற்றவை ஆட்டம் காணும்.

தூசு விஷயத்தில் இது நன்றாகவே புலப்படும். விசிறிகளை வெளிப்பக்கம் வைத்து ரேடியேட்டருக்குள் காற்றைத் தள்ளினால், தூசு விசிறியைக் கடந்துபோய்த் துடுப்புகளின் முகப்பில் கம்பளிபோலப் படிகிறது. விசிறி மறைப்பதால் படிவது சரியாகத் தெரியாது. துடைப்பதற்கு ஒன்பது விசிறிகளையும் இறக்க வேண்டும். ஒன்றுக்கு நான்கு வீதம் 36 திருகுகள். திருப்பி மாட்டும்போது கைக்குக் கிடைத்த நீளமான திருகைப் போட்டுவிட்டால் அது ரேடியேட்டரின் நீர்ப்பாதையைத் துளைத்துவிடும் ஆபத்தும் உண்டு. விசிறிகளை உட்பக்கம் வைத்து இழுக்கச் செய்தால் தூசு வெளிமுகத்திலேயே தங்கும். மென்மையான தூரிகையும் தூசு உறிஞ்சியும் போதும். இதற்குக் கூட்டின் பின்புறம் திறந்திருக்க வேண்டும். சட்டகத்தில் அது இயல்பாகவே திறந்திருக்கிறது, மூடிய பெட்டியில் தனியாக வெட்ட வேண்டும். தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் இடையே வெப்பநிலையில் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

நீரை வடிப்பதும் அப்படித்தான். சட்டகத்தின் கால்களை நீட்டிவிட்டால் அடியில் ஒரு பாத்திரம் வைக்கும் உயரம் கிடைக்கிறது. சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் பந்து வால்வு, உச்சியில் தொட்டி. தொட்டியின் மூடியைத் திறந்து காற்றுக்கு வழிவிட்டு வால்வைத் திருப்பினால் பெரும்பகுதி இறங்கிவிடும். கணினிக்குப் போகும் இரு குழாய்களிலும் சொட்டாத விரைவு இணைப்பான்கள் இருப்பதால், கணினியைத் தனியே எடுத்துப்போக நீரை வடிக்கவே தேவையில்லை. கூட்டின் இரு இணைப்பான்களையும் ஒரு சிறு குழாயால் தமக்குள்ளேயே பூட்டி, கணினி பக்கத்தில் இல்லாமலேயே கசிவு பார்க்கலாம். இணைப்பான்கள் ஓட்டத்தைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் 500 வாட்டுக்கு நீர் 2 டிகிரிக்கும் குறைவாகவே சூடேறுகிறது. ஆகவே அந்த இழப்பை நான் பொருட்படுத்துவதில்லை.

பம்ப்பைக் கூட்டில் வைத்தால் ஒரு எச்சரிக்கை. டி5 வகைப் பம்ப்பின் தாங்கிக்கு நீரே மசகு, வறண்டு ஓடக்கூடாது. ஆகவே தொட்டி அதற்கு மேலே இருக்க வேண்டும். அதன் சுழற்சி வேகக் கம்பியை மதர்போர்டின் பிராசசர் விசிறி முனையில் சேர்த்துவிடுங்கள். வெளிக்கேபிள் யார் காலிலாவது மாட்டிக் கழன்றிருந்தால், கணினியைத் தொடங்கும்போதே மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸ் கூச்சலிடும்.

அலுமினியமும் தாமிரமும் சேர்ந்தால் அரிக்குமே என்று கேட்பவர்களுக்கு: நீரைத் தொடும் உலோகங்களுக்குத்தான் அந்தக் கவலை. சட்டகம் நீரைத் தொடுவதில்லை. நீர்ச்சுற்றில் அலுமினிய ரேடியேட்டரும், பிராசசர்மேல் அமர்ந்து வெப்பத்தை நீருக்குக் கடத்தும் தாமிர பிளாக்கும் கலந்தால்தான் வம்பு.

குறைகளையும் சொல்ல வேண்டும். பார்ப்பதற்குத் தொழிற்சாலைக் கருவியின் சாயல் வந்துவிடுகிறது. வெட்டு முனைகள் செங்கோணமாக இல்லாவிட்டால் சட்டகம் மேசையில் ஆடும். சட்டம் அதிர்வை அப்படியே கடத்துவதால் பம்ப்பின் அடியில் மென்மையான ரப்பர் இல்லாமல் முனகல் நிற்காது.

மேசைமேல் காட்சிக்கு வைக்கத்தான் ஆசை, ரேடியேட்டரை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால் அக்ரிலிக்கே வாங்குங்கள். பின்னால் மாற்றுவீர்கள் என்றால் துளைகளைக் கணக்கில் எடுங்கள். 120 மில்லிமீட்டர் விசிறியின் துளைகள் 105 மில்லிமீட்டர் இடைவெளியில் வருகின்றன, 140 மில்லிமீட்டர் விசிறிக்கு 124.5. ஒன்றுக்குத் துளைத்த அக்ரிலிக் தகடு மற்றொன்றுக்கு உதவாது. புரொஃபைலில் குறுக்குச் சட்டத்தைத் தளர்த்தி இரண்டு விரல் நகர்த்திக்கொள்ளலாம்.