ரங்கூனில் லேப் வைத்திருப்பவர்களுக்கு: நீல மூடி ட்யூப்பில் 4,20,000 கியாட் போச்சு

எரிச்சல் அடங்காமல்தான் எழுதுகிறேன். ரத்தம் உறையும் சோதனைக்கான நீல மூடி ட்யூப் தீர்ந்துவிட்டது, வழக்கமான கடையிலும் சரக்கு இல்லை. மருத்துவச் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் பக்கத்தில் கேட்டேன். பேசியவர் தமிழர். "அண்ணே, நம்ம ஆளுங்களுக்கே மட்டமான சரக்கு கொடுப்பேனா?" என்றார். பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டி வீடியோ அனுப்பினார். காலாவதித் தேதி பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் 4,20,000 கியாட்டையும் போனிலேயே அனுப்பினேன்.

வந்த ட்யூப்பில் ரத்தம் கோடு வரை ஏறவே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க ட்யூப்பில் முன்கூட்டியே இருக்கிற 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி ரத்தம் சேர வேண்டும். குறைந்தால் மிஞ்சிய சிட்ரேட், ரத்தம் உறைவதற்காகச் சோதனையில் நாம் சேர்க்கிற கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உறைய அதிக நேரம் ஆவதாகக் காட்டும். ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிற ஒரு பாட்டிக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) எகிறி வந்தது. பக்கத்து லேபில் ட்யூப் கடன் வாங்கி மறுபடி ரத்தம் எடுத்தேன், அவருக்கு எப்போதும் வருகிற அளவே வந்தது. முதல் ரிப்போர்ட் போயிருந்தால் டாக்டர் மாத்திரையைக் குறைத்திருப்பார். ரத்தக்கட்டி வந்து அடைத்தால் யார் பொறுப்பு?

அப்புறம் லேபிளை நகத்தால் சுரண்டினேன். கீழே இன்னொரு லேபிள், காலாவதியான தேதியோடு! ரத்தத்தை உள்ளே இழுக்கிற வெற்றிடம் எப்போதோ போயிருக்கும்.

கேட்டால், "ஊசி சரியா குத்தலண்ணே." ஊசியைத் தண்ணீரில் வைத்து, அதுவும் ட்யூப்பில் ஏறாததை வீடியோ எடுத்து அனுப்பினேன். "வெயில்ல வச்சிருப்பீங்க." பிறகு, பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் எப்படி ஐயா தெரியும்? கடைசியில் தமிழும் போய், அண்ணனும் போய், பர்மிய மொழியில் ஒரே வரி: முதலாளி ஊரில் இல்லை. இப்போது பிளாக். 4,20,000 கியாட்! சின்ன லேபுக்கு அது என்ன பணம் என்று உங்களுக்கே தெரியும்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். லேபிளைச் சுரண்டுங்கள். ஒரு ட்யூப்பைத் தண்ணீர் இழுக்கவிட்டுப் பாருங்கள். சிட்ரேட் 3.2 சதவீதமா என்றும் பாருங்கள், 3.8 வேண்டாம். அண்ணே, அண்ணே என்று பேசுகிறவரிடம் அண்மையில் நீல மூடி வாங்கியிருந்தால், இன்றைய ரிப்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன்னாலேயே பாருங்கள்.