கிளட்சை விடலாமா? டர்பன் மேடுகளில் கியர் வண்டியும் ஆட்டோமேட்டிக்கும்

இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் டர்பனில் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவர் ஒன்று வசதியான டாக்டராக இருப்பார், இல்லையென்றால் முழங்கால் தேய்ந்த தாத்தாவாக இருப்பார். மற்ற எல்லாருக்கும் கியர் வண்டிதான். நம் இந்தியர்கள் குடியிருக்கும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டு வாசல்களில் நின்றவை சிட்டி கோல்ஃபும் டொயோட்டா டாஸும். 1984 முதல் 2009 வரை தென்னாப்பிரிக்காவிலேயே தயாரான சிட்டி கோல்ஃபில்தான் ஒரு தலைமுறையே கிளட்ச் பழகியது. இப்போது அதே வீட்டுப் பிள்ளைகள் ஷோரூமுக்குள் நுழைந்ததும் கேட்பது, "இதில் ஆட்டோமேட்டிக் வருமா?" என்பதுதான். கூட வந்த மாமா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கியர் போடத் தெரியாதவன் டிரைவரா என்பது அவர் கட்சி. போக்குவரத்து நெரிசலில் இடது கால் செத்துப் போகிறதே என்பது பிள்ளையின் கட்சி.

இரண்டு பேரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஷோரூமில் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் விற்பவை நாலு வெவ்வேறு இயந்திரங்கள். டார்க் கன்வர்ட்டர் கியர் பெட்டி, சி.வி.டி., இரட்டை கிளட்ச், ஏ.எம்.டி. முதல் மூன்றும் கியர் வண்டியை நியாயமாகவே ஜெயித்துவிட்டன என்று நினைக்கிறேன். நாலாவதான ஏ.எம்.டி. ஜெயிக்கவில்லை, அதுவும் நம் ஊர் மேடுகளில். சிக்கல் என்னவென்றால், முதல் கார் வாங்கும் குடும்பத்தின் பட்ஜெட்டில் பெரும்பாலும் அகப்படுவது அந்த நாலாவதுதான். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

ஏ.எம்.டி. என்பது உள்ளே பார்த்தால் சாதாரண கியர் வண்டிதான். அதே கியர் பெட்டி, அதே கிளட்ச் பிளேட். கால் செய்யும் வேலையையும் கை செய்யும் வேலையையும் கம்ப்யூட்டர் சொல்படி ஒரு சிறு இயந்திரம் செய்கிறது. செலவு குறைவு என்பதால் சின்ன வண்டிகளில் இதையே வைக்கிறார்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு சொந்த ஊர்ப் பாசம்கூட வரலாம். இங்கே விற்கும் ரெனோ க்விட், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகிக் கப்பலேறி வருகிறது. ஹூண்டாய் எக்ஸ்டர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து. 1860-ல் ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றி வந்த அதே மெட்ராஸ் பக்கத்திலிருந்து இன்று ஏ.எம்.டி. கார்கள் வந்து இறங்குகின்றன. பாசம் இருக்கட்டும், வண்டியைப் பார்ப்போம்.

சமதரையில் ஏ.எம்.டி. மோசமில்லை. ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒரு நொடி இழுவை அறுந்து, உட்கார்ந்திருப்பவர்கள் தலை முன்னால் ஆடும். பழகினால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி அதைச் சமாளிக்கலாம். ஆனால் டர்பன் சமதரை ஊரா? ஷால்கிராஸ், ரிசர்வாயர் ஹில்ஸ், கிளேர் எஸ்டேட் என்று நம்மவர்கள் குடியிருக்கும் பகுதிகள் பலவும் மேட்டின் மேல்தான். வீட்டு டிரைவ்வேயே செங்குத்தாக இருக்கும். அங்கே ரிவர்ஸில் ஏறவேண்டும், பாதியில் நிறுத்திக் கேட் திறக்கவேண்டும், மறுபடி கிளப்பவேண்டும். கை தேர்ந்தவர் கியர் வண்டியில் கிளட்சைக் கடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். ஏ.எம்.டி. அந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. எவ்வளவு கடிக்கவேண்டும் என்று அது யோசிப்பதற்குள் வண்டி பின்னால் உருளத் தொடங்கும். உருளாமல் இருக்க ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடித்து நின்றால் பிளேட் தேய்ந்து கருகும் வாசனை வரும். ஹில் ஹோல்டு உள்ள மாடல்கள் ஓரிரு நொடி பிரேக்கைப் பிடித்துக்கொடுக்கும். வாங்கினால் அது இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

அதனால் கையில் இருப்பது ஏ.எம்.டி. விலை மட்டும் என்றால், அதற்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தை மிச்சப்படுத்தி அதே மாடலின் கியர் வண்டியை வாங்கிவிடலாம் என்பேன். முழங்கால் வலி இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

விலையில் கொஞ்சம் மேலே ஏறினால் கதை மாறுகிறது. டொயோட்டா ஸ்டார்லெட்டில் வருவது டார்க் கன்வர்ட்டர் பெட்டி, நாலு கியர். போலோ விவோவின் 1.6 எஞ்சினில் ஆறு கியர். இதில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைப்பது பிளேட் இல்லை, எண்ணெய். எஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயைச் சுழற்ற, அந்த வேகம் எதிர்ப்பக்கத்து விசிறியைச் சுழற்றுகிறது. தேய்ந்து கருக அங்கே பிளேட் கிடையாது. மிதமான மேட்டில் பிரேக்கை விட்டால் வண்டி தானாக மெல்ல முன்னே நகரும். 1940 மாடல் அமெரிக்க ஓல்ட்ஸ்மொபீல் காரில் வந்த ஹைட்ராமேட்டிக் பெட்டியின் காலத்திலிருந்து, எண்ணெய் வழியே இணைப்பது என்ற அடிப்படை பெரிதாக மாறவில்லை. பழைய சரக்கு என்று ஸ்டார்லெட்டின் நாலு கியரைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ பழசாக இருப்பதுதான் அதன் பலமாகப் படுகிறது. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நெரிசல் விஷயத்தில் விவாதமே தேவையில்லை. புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பால்குடத்தை மடியில் வைத்து ஆயா பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, முதல் கியரில் பத்தடி, நிறுத்தம், மறுபடி பத்தடி. 2022, 2023-ல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது இது தினசரி அனுபவமானது. மின்சாரம் போனால் ரோபோக்கள், அதாவது சிக்னல் விளக்குகள், அணைந்துவிடும், ஒவ்வொரு சந்திப்பும் நாலுபக்க ஸ்டாப் ஆகிவிடும், ஒவ்வொரு வண்டியும் நின்று முறை வைத்து நகரவேண்டும். கியர் வண்டிக்கு உயிரையே கொடுப்பேன் என்றிருந்த பலர் அந்தக் காலத்தில்தான் மனம் மாறினார்கள் என்பது என் ஊகம். இப்போது மின்வெட்டு அடங்கிவிட்டது, ஆனால் என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும் அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோகும் அந்த நேரத்தில் இடது காலுக்கு ஓய்வு கிடைப்பது சின்ன விஷயமில்லை.

அதே என்3-ல் ஜோஹன்னஸ்பர்க் வரைக்கும் போனால் கியர் வண்டிக்கு ஒரு பாயிண்ட் கொடுக்கவேண்டியிருக்கும். டர்பன் கடல் மட்டம், ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர். காற்று மெலிவதால் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். நாலு பேர், பெட்டி படுக்கை, கல்யாணத்துக்குச் செய்த பலகாரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு வான் ரீனன் கணவாயில் ஏறும் 1.5 லிட்டர் நாலு கியர் ஆட்டோமேட்டிக், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே அலைபாய்ந்துகொண்டே இருக்கும். கியர் மாறும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் அலறும். கியர் வண்டியில் முன்னாலேயே மூன்றாவதைப் போட்டுவிட்டு நிம்மதியாக ஏறலாம், ஏனென்றால் எதிரே வரும் ஏற்றத்தை உங்கள் கண் பார்க்கிறது, பெட்டி பார்ப்பதில்லை. டர்போ எஞ்சினுடன் வரும் சி.வி.டி.யில் இந்தத் தொல்லை குறைவு. நிஸ்ஸான் மேக்னைட்டின் டர்போ மாடல் அப்படிப்பட்டது, அதுவும் ஒரகடத்துப் பிள்ளைதான். சி.வி.டி.யில் படிப்படியான கியர்களே இல்லை. அகலம் மாறும் இரண்டு கப்பிகள், நடுவே ஒரு உலோகப் பெல்ட். ஏற்றத்தில் எஞ்சின் ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் சிலருக்கு ஒத்துவராது, எனக்கும் ஒத்துவரவில்லை, ஆனால் வேகம் குறையாமல் ஏறுகிறது.

இறக்கம்தான் இன்னும் முக்கியம். பைன்டவுன் பக்கம் இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் 2013 செப்டம்பரில் கட்டுப்பாடிழந்த லாரி டாக்சிகள் மீது பாய்ந்த விபத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தவேண்டும். கியர் வண்டிக்காரர் இதைச் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார், மூன்றாவதுக்கு இறக்கிவிடுகிறார். ஆட்டோமேட்டிக்கிலும் வழி இருக்கிறது. லீவரில் எல், 2, எஸ் அல்லது கூட்டல் கழித்தல் குறி இருக்கும். ஆனால் வண்டி வாங்கி வருஷக்கணக்கில் டி (டிரைவ்) என்ற நிலையைத் தாண்டி எதையும் தொடாதவர்களை எனக்குத் தெரியும். இதில் குறை பெட்டியிடம் இல்லை.

பெட்ரோல் கணக்கை இரண்டே வரியில் முடித்துவிடலாம். ஆட்டோமேட்டிக் அதிகம் குடிக்கும் என்பது நாலு கியர் பெட்டிக்கு இன்னும் உண்மை. சி.வி.டி.க்கும் ஏ.எம்.டி.க்கும் அது பொருந்தாது.

பழுதுச் செலவு வேறு மாதிரி. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் எந்தத் தெருவிலும் ஒரு மெக்கானிக் அண்ணன் இருப்பார், சில ஆயிரம் ரேண்டில் மாற்றிக்கொடுப்பார். ஆட்டோமேட்டிக் பெட்டி உடைந்தால் பில் ஐந்து இலக்கத்தில் வரும். உத்தரவாதக் காலம் முடிந்த பழைய வண்டி வாங்குபவர் இந்த ஒரு காரணத்துக்காகவே கியர் வண்டி பக்கம் சாய்வது நியாயம். அப்படியும் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால், பெட்டியின் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று சர்வீஸ் புத்தகத்தில் தேடுங்கள். எண்ணெய் ஆயுசுக்கும் போதும் என்று விற்பவர் சொன்னால் யாருடைய ஆயுசுக்கு என்று கேளுங்கள்.

இரட்டை கிளட்ச் பற்றி நம் பையன்களிடம் பேசினால் பேச்சு நேரே வேகத்துக்குப் பேர்போன ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ.க்குப் போய்விடும். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றாவது ஓடும்போதே நாலாவது தயாராக நிற்கும், அதனால் மாறும் நேரம் கண் சிமிட்டலுக்குள் முடிந்துவிடும். எந்தக் கையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. எட்டாம் தலைமுறை ஜி.டி.ஐ. 2021-ல் இந்த நாட்டுக்கு வந்தபோது டி.எஸ்.ஜி. என்ற இரட்டை கிளட்ச் பெட்டியுடன் மட்டும்தான் வந்தது. கியர் வண்டியின் கடைசிக் கோட்டை வேகப் பிரியர்கள் என்பார்கள். அந்தக் கோட்டை விழுந்தது இப்படித்தான்.

தயாரிப்பாளர்களும் கை கழுவிக்கொண்டிருக்கிறார்கள். டர்பனின் பிராஸ்பெக்டன் ஆலையில் 2021-லிருந்து உருவாகும் கொரோலா கிராஸில் கியர் வண்டியே கிடையாது. பெட்ரோல் என்றால் சி.வி.டி., ஹைபிரிட் என்றால் அதற்கான தனிப் பெட்டி. மெரிபேங்க், இசிப்பிங்கோ வீடுகளிலிருந்து அந்த ஆலைக்கு வேலைக்குப் போய் கிளட்ச் இல்லாத வண்டியைப் பூட்டி அனுப்பிவிட்டு, தங்கள் பழைய கியர் வண்டியில் வீடு திரும்புபவர்கள் இருப்பார்கள். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்பத் தானே நின்று தானே கிளம்பும் குரூஸ் கண்ட்ரோல் வேண்டுமென்றால் கிளட்ச் பெடல் ஒத்துவராது. புகைக் கட்டுப்பாட்டுச் சோதனைகளில் மென்பொருள் மாற்றும் கியரைக் கணக்கில் பிடிப்பது சுலபம். மின்சார வண்டிக்கோ மாற்றுவதற்கு கியரே இல்லை. அமெரிக்காவில் புதிய கார்களில் கியர் வண்டி நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. அங்கே கியர் வண்டி வைத்திருந்தால் திருடன் ஓட்டத் தெரியாமல் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அந்த ஆறுதல் தென்னாப்பிரிக்காவில் செல்லாது.

ஏனென்றால் இங்கே உழைக்கும் வண்டிகள் இன்னும் கியரில்தான் ஓடுகின்றன. பிராஸ்பெக்டனிலேயே தயாராகும் டொயோட்டாவின் செஸ்ஃபிக்கிலே மினிபஸ் டாக்சி கியர் வண்டி. கம்பெனிகள் வேலையாட்களுக்குக் கொடுக்கும் பக்கி என்ற பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான். இதனால்தான் வாங்குவது எதுவானாலும் லைசென்ஸ் கியர் வண்டியில் எடுக்கவேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகளிடம் பிடிவாதம் பிடிக்கிறேன். கே53 என்ற லைசென்ஸ் தேர்வில் மேட்டில் நிறுத்திக் கிளப்பும் பகுதி எல்லாருக்கும் கிலி. வண்டி பின்னால் உருண்டால் அங்கேயே பெயில். அந்தப் பயத்தில் பலர் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதிவிடுகிறார்கள், லைசென்ஸ் கார்டில் வாகனக் கட்டுப்பாடு 1 (ஆட்டோமேட்டிக் மட்டும்) என்று விழுந்துவிடுகிறது. கியர் வண்டியில் பாஸ் செய்தவர் இரண்டையும் ஓட்டலாம். ஆட்டோமேட்டிக்கில் பாஸ் செய்தவர் கியர் வண்டியைத் தொடவேண்டுமென்றால் மறுபடி தேர்வுக்குப் போகவேண்டும். வேலைக்கு வசதி என்று நேரே கோட் 10 வகை லைசென்ஸ் எடுப்பவர்களும் உண்டு. அதில் காரும் அடக்கம், லாரியும் அடக்கம்.

ஏற்கெனவே கார்டில் அந்த 1 விழுந்துவிட்டதா? அப்படியென்றால் அவசரத்துக்கு சித்தப்பாவின் பக்கியை எடுத்து ஓட்டாதீர்கள். ஓட்டத் தெரிந்தாலும் அந்த வண்டிக்கு உங்களிடம் லைசென்ஸ் இல்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது கார்டைத்தான்.