தூங்க மாட்டேங்குற நாஸ் பெட்டி: டர்பன்ல என் அனுபவம்

ரெண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட நாஸ் (வீட்டு நெட்வொர்க்ல எல்லாரும் ஃபைல் வெச்சு எடுக்குற சேமிப்புப் பெட்டி), லவுஞ்ச்ல டிவிக்குக் கீழ இருக்கு. குடும்ப போட்டோ, கேட்டோ மேனர் கோயில் தீமிதி வீடியோ எல்லாம் அதுல தான். 2023ல தென்னாப்பிரிக்காவுல லோடுஷெட்டிங் (முறை வெச்சுப் பண்ற கரண்ட் கட், ஸ்டேஜ் ஏற ஏற கட்டும் கூடும்) ஸ்டேஜ் 6 வரைக்கும் போச்சுல்ல, அப்ப இன்வெர்ட்டர்ல ஓட்ட வேண்டியிருந்ததால தான் இதைத் தூங்க வைக்கணும்னே, அதாவது சும்மா இருக்கும்போது டிஸ்க் சுத்துறதை நிறுத்தணும்னே தோணுச்சு. 20 நிமிஷத்துல டிஸ்க் தூங்கணும்னு செட்டிங் போட்டாச்சு, தூங்கவும் செய்யுது, ஆனா கொஞ்ச நேரத்துல க்ளிக், வூம்னு மறுபடி சுத்த ஆரம்பிச்சிடும், நடுராத்திரில அந்தச் சத்தம் பெட்ரூம் வரைக்கும் கேக்கும்.

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி லாகை (பெட்டி தானே எழுதி வெக்கிற பதிவு) எடுத்து, எந்தெந்த நேரத்துல முழிக்குதுன்னு மட்டும் பாருங்க. சரியா ஒரே இடைவெளில முழிச்சா பெட்டிக்குள்ளயே ஏதோ டைமர் ஓடுது. கண்டபடி முழிச்சா வெளிய இருந்து யாரோ எழுப்புறாங்க. லேன் கேபிளை ராத்திரி கழட்டி வெச்சுப் பாத்தா இன்னும் தெளிவாயிடும்.

எனக்கு ரெண்டுமே இருந்துச்சு. அரை மணிக்கு ஒருக்கா வந்தது டிஸ்க் ஹெல்த் பாக்குற ஸ்மார்ட்டி (smartd) ப்ரோக்ராம், அதோட டீஃபால்ட்டே 1800 செகண்ட். தூங்குற டிஸ்கை விட்டுடுன்னு அதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு, '-n standby', அதைப் போட்டதும் அந்தப் பக்கம் அமைதி. மிச்சத்துக்கு ஃபாட்ரேஸ் (fatrace) கமாண்டை ஓட விட்டா எந்த ப்ரோக்ராம் எந்த ஃபைலைத் தொடுதுன்னு வரிசையா வரும், அதுல மாட்டினது மீடியா சர்வர், அதாவது நாஸ்ல இருக்குற வீடியோவை டிவிக்குக் குடுக்குற ப்ரோக்ராம். டிவியை ஆன் பண்ணாலே அது லிஸ்ட் கேக்கும், சர்வர் டேட்டாபேஸைத் திறக்கும், டிஸ்க் எழும். டேட்டாபேஸையும் லாகையும் ஒரு பழைய எஸ்எஸ்டிக்கு (சுத்துற பாகமே இல்லாத டிஸ்க்) மாத்தினேன், பாதித் தொல்லை போச்சு.

டிஸ்க் மட்டுமில்லாம பெட்டியே சஸ்பெண்ட் ஆகணும்னா எத்டூல் (ethtool) கமாண்டுல வேக் ஆன் லேன், அதாவது நெட்வொர்க் வழியா எழுப்புற செட்டிங்கைப் பாருங்க. 'ஜி' (g) மட்டும் இருந்தா மேஜிக் பாக்கெட்டுக்கு, அதாவது எழுப்புறதுக்குன்னே அனுப்புற சிக்னலுக்கு மட்டும் தான் எழும், 'யு' (u, இந்தப் பெட்டிக்குன்னு வர்றது), 'பி'யும் (b, எல்லாருக்கும் பொதுவா வர்றது) சேந்து இருந்தா நெட்வொர்க்ல எவன் தும்மினாலும் எழுந்துக்கும். கரண்ட் வந்து ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகுற நேரம் வீட்ல இருக்குற அத்தனை சாமானும் ஒரே நேரத்துல நெட்வொர்க்ல கத்தும், அப்ப இது நல்லாவே தெரியும்.

எச்டிபார்ம் (hdparm) கமாண்டுல டிஸ்க் தூங்குற டைம் போடுறவங்க கவனம், 60னு போட்டா 60 நிமிஷம் இல்ல, 5 நிமிஷம். 240 வரைக்கும் நம்பரை 5 செகண்டால பெருக்கணும், அரை மணிக்கு 241, ஒரு மணிக்கு 242. முதல்ல போட்ட 20 நிமிஷத்தை மாத்தி நான் இப்ப 242 தான் வெச்சிருக்கேன், ஏன்னா அடிக்கடி தூங்கி எழுறதும் டிஸ்குக்கு நல்லதில்ல. ஸ்மார்ட்ல (SMART, டிஸ்க் தானே வெச்சுக்குற ஹெல்த் கணக்கு) ஸ்டார்ட் ஸ்டாப் கவுன்ட் ஏறுறதை நீங்களே பாக்கலாம்.

பில் குறையும்னு மட்டும் நம்பாதீங்க. சும்மா சுத்துற ஒரு டிஸ்க் 4, 5 வாட்ஸ் இழுக்கும், ரெண்டும் வருஷம் பூரா தூங்கினாலும் மிச்சம் 70 யூனிட் பக்கம் தான். ஆனா இன்வெர்ட்டர் பேட்டரிக்கும், ஜனவரி மாசத்து டர்பன் புழுக்கத்துல அந்தக் கப்போர்டு சூட்டுக்கும் இது கண்டிப்பா வித்தியாசம் தெரியுது.

இப்போ இருக்குற ஒரே சண்டை, தூங்குற டிஸ்க் எழ 10 செகண்ட் ஆகுறதுக்குள்ள டிவி சர்வர் இல்லன்னு சொல்லிடுது, உடனே வீட்ல என்னைக் கூப்பிடுறாங்க. ரெண்டாவது தடவை அமுக்குங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.