ஸ்லாட்டு தப்பா போட்டா யாரு புடிக்கணும்: க்யூஎமுவா, லிப்வெர்ட்டா?

விர்ச்சுவல் மெஷினுக்குள்ள நெட் கார்டு, டிஸ்க்கு, யூஎஸ்பின்னு ஒவ்வொண்ணையும் ஒரு பிசிஐ ஸ்லாட்ல சொருவறோம் இல்ல, அந்த எடம் செல்லுமா செல்லாதான்னு யாரு பாக்கறது? தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் செகண்ட் ஹேண்ட் சர்வர் ஒண்ண வாங்கி வச்சி லேப் ஓட்டுற பசங்க கிட்டேர்ந்து இது அடிக்கடி வருது, ஏன்னா பாதி பேரு க்யூஎமுவ (விர்ச்சுவல் மெஷின ஓட்டுற எமுலேட்டர்) நேரா ஷெல் ஸ்கிரிப்ட்ல ஓட்டுறாங்க, மிச்ச பேரு லிப்வெர்ட் (க்யூஎமுவுக்கு மேல உக்காந்து அத நடத்துற சாஃப்ட்வேர்) வழியா ஓட்டுறாங்க, ஒரே தப்ப ரெண்டு பேரும் பண்ணா ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி நடக்குது. என் முடிவ இப்பவே சொல்லிடறேன்: லேப்புக்கு லிப்வெர்ட் தான். தப்பான ஸ்லாட்ட மெஷின் ஓடறதுக்கு முன்னாடியே நிறுத்தணும், அத ஒழுங்கா செய்யறது அது தான். க்யூஎமு மேல மரியாதை எனக்கு ரொம்ப உண்டு, ஆனா இந்த ஒரு விஷயத்துல அது ரொம்ப விட்டுக்குடுக்குது.

ரூல் என்னன்னு பாத்துடலாம். பிசிஐ அட்ரஸ்ல பஸ்ஸுக்கு 8 பிட்டு, ஸ்லாட்டுக்கு 5, ஃபங்ஷனுக்கு 3. அதனால ஒரு பஸ்ஸுல 0 டு 31, மொத்தம் 32 ஸ்லாட்டு, ஒவ்வொண்ணுலயும் 8 ஃபங்ஷன் (ஒரே கார்டுக்குள்ள இருக்கற தனித்தனி டிவைஸு) வரைக்கும். க்யூஎமு காட்டுற பழைய மெஷின் மாடலான ஐ440எஃப்எக்ஸ்ல இதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்ல, 0ல ஹோஸ்ட் பிரிட்ஜ், 1ல பிஐஐஎக்ஸ்3 சிப்பு, 2ல வழக்கமா விஜிஏ, மிச்ச எடம் உங்களுது. புது மாடலான க்யூ35ல தான் பசங்க மாட்டுறாங்க. அங்க ரூட் பஸ்ஸுல 0 சிப்செட்டுக்கு, 31 ஐசிஹெச்9ங்கற சிப்புக்கு (எல்பிசி, சாட்டா, எஸ்எம்பஸ் மூணும் அந்த ஒரே ஸ்லாட்ல வேற வேற ஃபங்ஷனா உக்காந்திருக்கும்), நடுவுல இருக்கறதுல நேரா டிவைஸ் போடலாம், ஆனா அப்படி போட்டத ஓடும்போது கழட்டி மாட்ட முடியாது, ஹாட்பிளக் வேணும்னா ரூட் போர்ட் (ரூட் பஸ்ஸுலேர்ந்து கீழ ஒரு தனி பஸ்ஸ திறக்கற போர்ட்டு) வச்சி அதுக்கு கீழ தான் போடணும். அந்த ரூட் போர்ட்டுக்கு கீழ இருக்கற பஸ்ஸுல செல்லுற ஸ்லாட்டு ஒண்ணே ஒண்ணு தான், 0. பிசிஐ எக்ஸ்பிரஸ்ல அது ஒரு முனைலேர்ந்து இன்னொரு முனைக்கு போற தனி லிங்க், ராயபுரத்துல ஒரே வூடு இருக்கற முட்டு சந்து மாதிரி, அங்க அஞ்சாம் நம்பர்னு கடுதாசி போட்டா தபால்காரர் தேடவே மாட்டாரு. லினக்ஸ் கெர்னலும் அப்படித்தான், ரூட் போர்ட் மாதிரி கீழ பாத்த டவுன்ஸ்ட்ரீம் போர்ட்டுக்கு கீழ 0வத மட்டும் பாத்துட்டு போயிடும், எல்லாத்தையும் பாருன்னு பூட் பாராமீட்டர்ல தனியா சொன்னா தான் பாக்கும்.

இப்ப அதே தப்ப ரெண்டு எடத்துலயும் போட்டு பாக்கலாம். க்யூ35 மெஷின், ஆர்பி1னு ஒரு ரூட் போர்ட், அதுக்கு கீழ விர்டியோ (விர்ச்சுவல் மெஷினுக்குன்னே செஞ்ச) நெட் கார்டு, அட்ரஸ் 5.0, அதாவது ஸ்லாட்டு 5, ஃபங்ஷன் 0.

க்யூஎமுவ நேரா ஓட்டினா, 8.1க்கு முந்தின பதிப்புன்னா ஒரு வார்த்தை சொல்லாது, மெஷின் பாட்டுக்கு பூட் ஆயிடும். 2023ல வந்த 8.1லேர்ந்து ஒரு வார்னிங் வருது, இந்த டிவைஸுக்கு ஸ்லாட்டு 5 செல்லாது, மேல இருக்கற போர்ட்டு 0வத மட்டும் தான் ஏத்துக்கும்னு, அந்த மட்டும் தெளிவா சொல்லுது, பாராட்டணும். ஆனா சொல்லிட்டு மெஷின ஓட விட்டுடுது. நம்ம ஆளுங்க ஸ்கிரிப்ட்ட பேக்ரவுண்ட்ல விட்டு அவுட்புட்ட எங்கேயோ கொட்டி வச்சிருப்பாங்க, அந்த வரிய யாரு பாக்கப்போறா. உள்ள போயி எல்எஸ்பிசிஐ (பிசிஐ டிவைஸ் லிஸ்ட் காட்டுற கமாண்டு) அடிச்சா ரூட் போர்ட் தெரியும், கார்டு தெரியாது, ஐபி லிங்க் அடிச்சா லூப்பேக் மட்டும் இருக்கும். அப்புறம் "அண்ணே, மெஷினு நல்லா தான் பூட் ஆவுது, நெட்டு கார்டு மட்டும் காணோம்ணே"ன்னு மெசேஜ் வரும், அதுக்குள்ள அந்த பையன் டிரைவர ரீலோட் பண்ணி, ஹோஸ்ட்டுல பிரிட்ஜ அழிச்சி திரும்ப கட்டி, ஐஎஸ்ஓவையே மாத்தி, ராத்திரி பூரா முழிச்சிருப்பான். தப்பு இருந்தது ஒரே ஒரு நம்பர்ல.

லிப்வெர்ட்ல அதே அட்ரஸ எக்ஸ்எம்எல்ல எழுதி விர்ஷ் டிஃபைன் (மெஷின பதிவு பண்ற லிப்வெர்ட் கமாண்டு) குடுத்தா அங்கேயே நிக்கும், பிசிஐ அட்ரஸ் செல்லாது, ஸ்லாட்டு 0க்கு மேல போகக்கூடாதுன்னு எர்ரர். விர்ஷ் எடிட்ல பண்ணிகினு இருந்தா திரும்ப எடிட் பண்றியான்னு கேக்கும், எழுதின கையோட திருத்திட்டு போயிடலாம். இது எப்படி முடியுதுன்னா ஒவ்வொரு கண்ட்ரோலர் மாடலுக்கும் கம்மி ஸ்லாட்டு எது, அதிக ஸ்லாட்டு எதுன்னு அது கையில ஒரு கணக்கு வச்சிருக்கு, ரூட் போர்ட்டுக்கு ரெண்டுமே 0, பிசிஐ பிரிட்ஜுக்கு 1 டு 31, ரூட் பஸ்ஸுக்கும் 1 டு 31. ஒரே அட்ரஸ ரெண்டு டிவைஸுக்கு குடுத்தாலும் டிஃபைன்லயே மாட்டிக்கும்.

க்யூஎமு பண்றவங்க ஏன் எர்ரராவே வைக்கலன்னு கேட்டா அவங்க பக்கம் நியாயம் இருக்கு. தப்பான ஸ்லாட்டோட வருஷக்கணக்கா ஓடிகினு இருக்கற மெஷின் எத்தனையோ எடத்துல இருக்கலாம், பதிப்ப ஏத்தின அன்னிக்கு அதெல்லாம் எழுந்திரிக்கவே மாட்டேன்னா யாரு பதில் சொல்றது, அதான் மொதல்ல வார்னிங் வைப்போம், நிலவரம் தெளிவானா பிற்பாடு கெடுபிடி ஆக்கலாம்னு வச்சிருக்காங்க. ஏஆர்ஐன்னு ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் வசதியால இன்னொரு சிக்கலும் உண்டு. அது இருக்கற டிவைஸ்ல ஸ்லாட்டோட 5 பிட்டும் சேந்து ஃபங்ஷன் நம்பராவே ஆயிடும், அதனால ஐஜிபிங்கற நெட் கார்டுல 7 விர்ச்சுவல் ஃபங்ஷன (ஒரே கார்ட பல கார்டா காட்டுறது) கெளப்பினா பழைய கணக்குல பாக்கும்போது அதெல்லாம் 0 இல்லாத ஸ்லாட்ல இருக்கற மாதிரி தெரியும், ஆனா அது முழுக்க சரியான அமைப்பு. கண்ண மூடிகினு 0 இல்லன்னா வெட்டுன்னு எழுதினா நல்லதும் சேந்து வெட்டுப்படும். இதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனாலும் புதுசா மனுஷன் கையால எழுதுற அட்ரஸுக்கு வார்னிங் பத்தாது, எழுதினவனுக்கு கார்டு வேணும்னு தான் எழுதினான், அது கெஸ்ட்டுக்கு (உள்ள ஓடுற ஓஎஸ்ஸுக்கு) தெரியவே தெரியாத எடத்துல போயி உக்காந்தா அவன் கேட்டத குடுக்கலன்னு தான் அர்த்தம்.

எல்லாத்துலயும் க்யூஎமு லூஸுன்னு நெனச்சிடாதீங்க. ஒரு ஸ்லாட்டும் ஃபங்ஷனும் ஏற்கனவே இன்னொருத்தன் கிட்ட இருந்தா அந்த டிவைஸோட பேரயும் ஐடியையும் சொல்லி எர்ரர் குடுத்து நின்னுடும். ரூட் பஸ்ஸுல ஹாட்பிளக் பண்ண போனா பஸ்ஸு சப்போர்ட் பண்ணாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லும். அதுல இன்னொரு ஓட்டை இருக்கறது ஃபங்ஷன் பக்கம். 0வது ஃபங்ஷனே இல்லாம 1வது ஃபங்ஷன மட்டும் போட்டா அது சும்மா இருந்துடும், ஏன்னா 0வத நீங்க பிற்பாடு ஹாட்பிளக் பண்ணலாம்னு ஒரு வழி வச்சிருக்கு, அது சரியும் கூட, ஆனா 0 வரலன்னா கெஸ்ட்டு அந்த ஸ்லாட்டே காலின்னு தாண்டி போயிடும்.

அப்ப அட்ரஸே எழுதாம விட்டுட்டா? நெறைய பேரு இத தான் பண்றாங்க. க்யூஎமு ஸ்கிரிப்ட்ல அட்ரஸ் குடுக்கலன்னா காலியா இருக்கற மொத ஸ்லாட்ல போட்டுடும், தப்பான ஸ்லாட்டுங்கற பேச்சே இல்ல. ஆனா ஸ்கிரிப்ட்ல டிவைஸ் வரிய மேல கீழ மாத்தினாலோ நடுவுல ஒரு கார்டு சேத்தாலோ அடுத்து இருக்கறதெல்லாம் நகந்துடும். கெஸ்ட்டுக்குள்ள நெட் கார்டு பேரே ஸ்லாட்ட வச்சி தான் வருது, ஐ440எஃப்எக்ஸ்ல இஎன்எஸ்3ன்னு இருந்தது இஎன்எஸ்4 ஆயிடும், நெட்பிளான்ல (உபுண்டுவோட நெட்வொர்க் கான்ஃபிக்) பழைய பேருக்கு எழுதின ஐபி அம்போ. (விஎம்வேர்ல இஎன்எஸ்160, இஎன்எஸ்192ன்னு பாத்திருப்பீங்களே, அதுவும் கான்ஃபிக்ல இருக்கற பிசிஐ ஸ்லாட் நம்பர் தான்.) விண்டோஸ் கெஸ்ட்டுன்னா புது கார்டு வந்துச்சின்னு நெனச்சிகினு ஸ்டேட்டிக் ஐபிய விட்டுடும். இதுல கொடுமை என்னன்னா ஸ்கிரிப்ட்ட மாத்தின அன்னிக்கு ஒண்ணும் ஆகாது, மே மாசம் ராத்திரி கரண்டு போயி சர்வர் திரும்ப எழுந்திரிக்கும்போது தான் வெளிய வரும், அப்ப யாருக்கு ஞாபகம் இருக்கும். லைவ் மைக்ரேஷன்லயும் (ஓடுற மெஷின நிறுத்தாம வேற சர்வருக்கு மாத்தறது) இதே தான், ரெண்டு பக்கமும் அட்ரஸ் அச்சு அசலா ஒத்துப்போகலன்னா இந்த செக்ஷன் எனக்கு தெரியாதுன்னு சொல்லி அந்த பக்கத்து க்யூஎமு படுத்துடும். லிப்வெர்ட்லயும் நீங்க அட்ரஸ் எழுத வேணாம், அதுவே போட்டுக்கும், ஆனா போட்டத எக்ஸ்எம்எல்ல எழுதி வச்சிக்கும், அடுத்த தடவயும் அதே எடம். என்னப் பொறுத்தவரைக்கும் எர்ரர் குடுக்கறத விட இது பெரிய விஷயம்.

லிப்வெர்ட்ல தொல்லையே இல்லன்னு சொல்லல. எக்ஸ்எம்எல் நீளமா வளந்துடும், ஒரு ரூட் போர்ட்டுக்கு ஒரு டிவைஸுங்கறதால நாளைக்கு ரெண்டு டிஸ்க்கு ஹாட்பிளக் பண்ணணும்னா இன்னிக்கே ரெண்டு போர்ட்ட உபரியா போட்டு வைக்கணும், ஓடுற மெஷின்ல ரூட் போர்ட்ட சொருவ முடியாது. சரி, ஒரு 25 போட்டு வைப்போம்னும் இறங்கிடாதீங்க, ஒவ்வொரு போர்ட்டும் ஐஓ விண்டோ (ஐஓ அட்ரஸுக்கு ஒதுக்கற எடம்) கேட்டா 4 கேபி போகும், மொத்தமே 64 கேபி தான், கணக்குக்கு 16 வந்தாலும் நெசத்துல அதுக்கும் கம்மியா தான் கெடைக்கும். விர்டியோவுக்கு ஐஓ இல்லாமயே ஓடும், பழைய கார்ட எமுலேட் பண்றவங்க தான் பாத்து பண்ணணும்.

ஃப்ரீபிஎஸ்டியில பீஹைவ் (அதோட சொந்த விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர்) ஓட்டுறவங்களுக்கு சுருக்கமா: ஸ்லாட்ட நீங்களே கையால எழுதணும், வரம்ப தாண்டினாலும் ஏற்கனவே ஆள் இருந்தாலும் அது ஒத்துக்காது, எல்பிசி பிரிட்ஜ 0வது பஸ்ஸுல மட்டும் தான் விடும், சின்ன ரூல், ஆனா நேர்மையா புடிக்கும். ஸ்லாட்டே வேணாம்னு நெனக்கறவங்களுக்கு க்யூஎமு 4.2ல வந்த மைக்ரோவிஎம்ங்கற குட்டி மெஷின் மாடல் இருக்கு, பிசிஐக்கு பதிலா விர்டியோ எம்எம்ஐஓ (மெமரி அட்ரஸ் வழியா பேசறது), தப்பா போட ஸ்லாட்டே கெடையாது, ஆனா ஹாட்பிளக்கும் கெடையாது, பதிப்பு விட்டு பதிப்பு மைக்ரேஷனும் கெடையாது, பசங்களுக்கு ஹார்ட்வேர் சொல்லிக்குடுக்கற லேப்புக்கு அது ஆவாது.

வேற வழியில்லாம க்யூஎமுவ நேரா தான் ஓட்டுவேன்னா எல்லா டிவைஸுக்கும் அட்ரஸ் எழுதிடுங்க, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அந்த வரிங்கள படிச்சி மூணு விஷயம் பாக்கட்டும், ரூட் போர்ட்டுக்கு கீழ 0 தவிர வேற ஸ்லாட்டு இருக்கா, ஒரே அட்ரஸ் ரெண்டு தடவ வருதா, 0வது ஃபங்ஷன் இல்லாத ஸ்லாட்டு ஏதாவது இருக்கா. ஏதாவது ஒண்ணு இருந்தா மெஷின கெளப்பவே கூடாது. பழைய மெஷின்ல தப்பு ஸ்லாட்டு ஏற்கனவே இருந்தா ஓடும்போது கை வைக்காதீங்க, ஷட்டவுன் பண்ணிட்டு 0க்கு மாத்திட்டு, கெஸ்ட்டுக்குள்ள கன்சோல் வழியா போயி எல்எஸ்பிசிஐல கார்டு வந்துச்சான்னு பாத்துட்டு, புது பேர நெட்பிளான்ல எழுதினதுக்கு அப்புறம் தான் எஸ்எஸ்ஹெச்ச நம்பி வெளிய வரணும்.