மெக்சிகோவின் எட்டு ரியால்: தூண் காசா, தொப்பிக் காசா?

மெக்சிகோவின் பழங்காசுகளைச் சேர்க்க இறங்குகிறவர்கள் சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். தூண் காசு ஸ்பெயின் ஆட்சியில் 1732 முதல் 1771 வரை அடிக்கப்பட்டது. கதிர்கள் சூழ்ந்த விடுதலைத் தொப்பி பொறித்த தொப்பிக் காசு விடுதலைக்குப் பின், 1823 முதல் 1897 வரை. இரண்டும் எட்டு ரியால் (ரியால் என்பது பழைய ஸ்பானியப் பண அலகு), இரண்டும் சுமார் 27 கிராம் வெள்ளிக் காசு.

அழகு என்றால் தூண் காசுதான். கடலலைகளின் நடுவே இரட்டைப் பூகோளம், இருபுறமும் ஹெர்குலிஸ் தூண்கள், மேலே மணிமுடி. அதற்கு முந்தைய காசுகள் சம்மட்டியால் அடித்த கோணல் வடிவங்கள். ஓரத்தை வெட்டி வெள்ளி திருடினாலும் தெரியாது. தூண் காசை இயந்திரத்தில் வட்டமாக அடித்து, விளிம்பில் இலைவரிசையும் பதித்து அந்தத் திருட்டைத் தடுத்தார்கள். வெள்ளித் தரமும் தொப்பிக் காசைவிட உயர்வு: 0.917, அதாவது ஆயிரத்தில் 917 பங்கு சுத்த வெள்ளி. நல்ல நிலையில் உள்ளவற்றின் விலை கையைக் கடிக்கும். 1743-ல் மூழ்கிய ஹாலந்தியா போன்ற கப்பல்களிலிருந்து எடுத்தவை மலிவு, ஆனால் உப்புநீர் முகப்பை அரித்திருக்கும்.

ஆனால் தொகுப்பாகச் சேர்க்க என் தேர்வு தொப்பிக் காசு. தூண் காசை மெக்சிகோவில் அடித்தது தலைநகர் அக்கசாலை (காசு அடிக்கும் கூடம்) ஒன்றே. தொப்பிக் காசை அடித்தவை 14. அக்கசாலைக் குறி, ஆண்டு, தரம் சோதித்த அதிகாரியின் பெயரெழுத்து, வெள்ளித் தரம் எல்லாம் காசிலேயே இருக்கும். சகாதேகாஸ் ஊர் அக்கசாலையின் காசு தாராளமாகக் கிடைக்கும். ரியல் தெ கடோர்சே ஊர் அக்கசாலை அடித்ததோ 1863-ல் மட்டும். அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தொப்பிக் காசுக்குச் சீனத்தில் இருந்த மதிப்பு அசாத்தியம். 1869-ல் மெக்சிகோ எட்டு ரியாலுக்கு ஈடாக, தராசுச் சின்னத்தோடு பெசோ என்ற புதுக் காசை வெளியிட்டது. சீன வணிகர்கள் அதை வாங்க மறுத்ததால் 1873-ல் தொப்பிக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அவர்கள் தட்டிப் பார்த்துக் குத்திய முத்திரைகள் பல காசுகளில் உண்டு. சேதம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அவைதான் காசின் பயணச் சான்று, விரும்பி வாங்குவேன்.

பதக்கங்கள் தனி உலகம். 1778-ல் ஸ்பெயினிலிருந்து வந்த ஹெரோனிமோ அந்தோனியோ கில் செதுக்கியவற்றின் நுணுக்கத்துக்கு எந்தக் காசும் ஈடாகாது. ஆனால் பதக்கத்துக்குக் காசைப் போல நிர்ணயித்த எடை இல்லை, போலியைத் தராசில் பிடிப்பது கடினம். முதலில் காசில் கண்ணைப் பழக்குங்கள்.

வாங்கும்போது எடையையும் விளிம்பையும் கட்டாயம் பாருங்கள். எட்டு ரியாலுக்குப் பின் வந்த தொப்பி பெசோவில் 1898 என்று இருந்தால் ஓரத்து மணிகளை எண்ணுங்கள்: அசலில் 139. சீனத்துக்காக 1949-ல் மறுபடி அடித்ததில் 134.